இரண்டு விரல் அகலம்

"நாலெழுத்துப் படிச்ச உடனே எங்களுக்கு வைத்தியம் சொல்ல வந்திட்டியோ?" என்று மாமா கேட்டபோது அவர் கையில் கயிறு பிரிக்கிற மரமுளை இருந்தது. என் விரல் அக்காவின் வாய்க்குள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை முதலில் மிதித்தவள் நான். கற்பிட்டிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்புநீர்க் களப்புமாக நீண்டு கிடக்கும் மணலில் எங்கள் ஊர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் வலை முடிவார்கள். ஒரு பெண் கலியாணம் முடித்துப் போகும்போது தன் கையால் முடிந்த ஒரு வலையையும் மாப்பிள்ளையின் வள்ளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு எது குறைந்தாலும் பேசித் தீர்க்கலாம். வலை குறைந்தால் பேச்சில்லை.

அந்த வலையைப் பல்லால்தான் இறுக்க வேண்டும். நூலைக் கால் பெருவிரலில் மாட்டி, மறு நுனியைக் கடைவாயில் கடித்து இழுத்துப் பிடித்து ஒவ்வொரு முடிச்சாகப் போடுவார்கள். பல் இறுக்கிய முடிச்சைக் கடல் அவிழ்க்காது என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. கையால் மட்டும் இறுக்கிய வலையோடு போனவள் புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று ஒரு கதையும் இருந்தது. அவள் யார், எந்த ஊர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருடங்களுக்கு முன்பு அக்காவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். நாற்பது நாள் தபசு காலத்தில் கலியாணம் இல்லை, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்த பிறகுதான். அதற்குள் வலை முடிய வேண்டும். அக்கா விடிந்தது முதல் பொழுது சாயும்வரை கடைவாயில் நூலோடுதான் இருந்தாள். கொஞ்ச நாளில் அவள் சாப்பிடும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. எனக்கு அது பெரிய வேடிக்கை. "இன்னொருக்கா செய்யுங்க அக்கா" என்று கன்னத்தில் காதை வைத்துக் கேட்பேன். அவளும் செய்து காட்டுவாள்.

ஒருநாள் காலை அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அதோடு வாயும் நின்றுவிட்டது. ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. திறக்கப் பார்த்தால் கண்ணில் நீர் முட்டியது.

அம்மா முதலில் கதவைச் சாத்தினாள். கோயிலில் மூன்று முறை அறிவிக்க வேண்டிய அக்காவின் கலியாண ஓலையைச் சாமியார் ஒருமுறை வாசித்து முடித்திருந்தார். வாய் பூட்டிக்கொண்டது என்று வெளியில் தெரிந்தால் ஊர் இரண்டில் ஒன்றைச் சொல்லும்: உடம்பை வில்லாக வளைக்கிற ஏற்புவலி அல்லது பேய். இரண்டில் எது என்றாலும் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அக்காவுக்குப் பல்லுக்குத்து என்று அம்மா அயலில் சொல்லி வைத்தாள். ஆனால் பாஸ்குத் திருநாளை அப்படிச் சொல்லித் தள்ள முடியாது. அன்று பெரியவர்கள் எல்லாரும் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் முழங்காலில் நின்று, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும். அப்பம் மெல்லியதுதான். ஆனாலும் வாய் திறந்து நாக்கை நீட்ட வேண்டும், சாமியாரின் விரல்கள் வர வேண்டும், பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் நிற்பாள். நன்மை வாங்காமல் இருந்தாலோ, கலியாணம் பேசிய பெண் ஏன் வாங்கவில்லை என்பதற்கு ஊர் ஒரே ஒரு காரணத்தைத்தான் கண்டுபிடிக்கும் என்று அம்மா சொன்னாள். என்ன காரணம் என்று கேட்டதற்கு எனக்கு ஒரு குட்டு விழுந்தது.

கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போனோம். அங்கே வரிசையில் எங்கள் ஊர்க்காரர் இருவர் இருந்ததைக் கண்டதும், "சின்னவளுக்குப் பூச்சி" என்று அம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்குப் பூச்சி! வெட்கத்தில் என் காது எரிந்தது.

அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி யாழ்ப்பாணத்தார். எங்களைப் பார்த்ததும், "பூச்சி ஆருக்கு?" என்றார்.

"இவளுக்கில்லை ஐயா. மூத்தவளுக்கு வாய்."

"வாயிலை பூச்சியோ?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே வலியும் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அவளுடைய இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்து, மெல்லத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். உதட்டை ஒதுக்கிக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். பல்லின் விளிம்பில் நூல் ஓடி ஓடி ஒரு தடம் விழுந்திருந்தது. "இது பல்லோ, கிணத்துக் கப்பியோ?" என்றார்.

"வெட்ட வேணுமா ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

"கத்தியும் வேண்டாம், குறடும் வேண்டாம். பொறுமைதான் வேணும். அது இஞ்சை போத்தலிலை இல்லை."

நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு என்னைக் கூப்பிட்டார். என் காதுக்கு முன்னால் என் விரலையே வைத்துத் திறந்து மூடச் சொன்னார். உள்ளே ஏதோ வழுக்கி ஓடியது. "கதவுக்குப் பிணைச்சல் மாதிரி இது. நாள் முழுக்கக் கதவைப் பிடிச்சு இழுத்தால் பிணைச்சல் என்ன செய்யும்? இனிக் கொக்காவுக்கு நீதான் காவல். என்ன செய்ய வேணுமெண்டு கேட்டுக்கொள்."

நூல் பல்லில் படக் கூடாது. கஞ்சி, அவித்து மசித்த மீன். உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் காலையும் மாலையும் ஒத்தணம். உதடு மூடியிருக்கலாம், ஆனால் பல்லோடு பல் முட்டாமல் நாக்கு அண்ணத்தில் இருக்க வேண்டும். கொட்டாவி வந்தால் தாடையின் நுனி நாடிக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும். ஒத்தணத்துக்குப் பிறகு வலிக்கும் இடம்வரை மட்டும் மெல்லத் திறந்து பழக வேண்டும். "ஒண்டுக்கு மேலை ஒண்டா இரண்டு விரல் போனால் சுகம். ஆனால் பலவந்தம் கூடாது. பலவந்தம் பண்ணினால் உள்ளதும் போயிடும்."

வரும்போது எனக்குப் பூச்சி மருந்தும் தந்தார். வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா அதை எனக்குக் குடிக்கவும் தந்தாள்.

நான் நல்ல காவல்காரி. அக்காவின் கன்னச் சதை இறுகினால், "பல்லு!" என்பேன். பக்கத்தில் படுத்து, தூக்கத்தில் பல்லை நெருமினால் தட்டுவேன். உப்பு சட்டியில் வெடித்து ஓய்ந்ததும் துணியில் கொட்டிக் கட்டுவேன். ஆனால் ஒரு விரல் ஒரு விரலாகவே இருந்தது. ஓலை இரண்டாம் முறையும் வாசிக்கப்பட்டது. அக்கா என்னோடுகூடப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

வலை பாதியில் கிடந்தது. கலியாண வலையை வேறு கை தொடக் கூடாது. ஆகவே அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து முடிந்தாள், அக்கா முடிகிறாள் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். பின்னேரங்களில் அம்மா கன்னத்தில் கையை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கலியாணத்தை நினைத்து யோசிக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

பாஸ்குக்கு இரண்டு நாள் முந்திய பெரிய வெள்ளியன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. அன்று பின்னேரம் மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர், வள்ளக்காரர். அம்மா யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று பயத்தில் அவரிடம் சொல்லியிருந்தாள். மடியிலிருந்து மரமுளையை எடுத்தார். விரல் தடிப்பில், நுனி கூராகத் தேய்ந்து வழுவழுத்திருந்தது.

"சுறாவின்ட வாயைத் திறந்தவன் நான். இது என்ன பெரிய வேலை? ஒருக்கா உள்ள விட்டுத் திருப்பினாச் சரி."

"அப்போதிக்கரி பலவந்தம் வேணாமெண்டவர்" என்றேன்.

"அவர் ஞாயித்துக்கிழமை வந்து நன்மை வாங்குவாரோ உன்ட அக்காவுக்கு?"

அம்மா அழுதுகொண்டே அக்காவின் பின்னால் உட்கார்ந்து அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அக்காவின் கன்னங்கள் கல்லாக இறுகுவது எனக்குத் தெரிந்தது. மாமா ஒரு கையால் நாடியைப் பிடித்தார். முளையின் கூர் அவளுடைய உதட்டைத் தொட்டது.

நான் இடையில் புகுந்து என் விரலை அவளுடைய பற்களுக்கு நடுவே வைத்தேன்.

"எடு கையை."

நான் எடுக்கவில்லை. இனி முளையைத் திருப்பினால் முதலில் என் விரல்தான் முறியும். அக்கா பல்லைக் கடித்தாலும் என் விரல்தான். அப்போதுதான் மாமா அந்த நாலெழுத்துக் கேள்வியைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் கண்களை நான் பார்த்ததில்லை. என் விரலைக் கடித்துவிடக் கூடாது என்ற ஒன்றைத் தவிர அவற்றில் வேறு ஒன்றும் இல்லை. அவளுடைய கன்னம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பல்லின் அழுத்தம் குறைந்தது. விரலுக்கு மேலே கொஞ்சம் இடம் இருப்பதுபோல் பட்டது. சின்ன விரலை வைத்தேன். போனது. சின்ன விரலை எடுத்துவிட்டு நடுவிரலை வைத்துப் பார்த்தேன், பாதிதான் நுழைந்தது. உள்ளே ஏதோ ஒன்று, கதவு நிலையில் பொருந்துவதுபோல, மெதுவாக 'டக்' என்றது. முழுதாக இரண்டு விரல் இல்லை. ஒன்றரை இருக்கும்.

மாமா முளையை மடியில் செருகிக்கொண்டார். "நான் பிடிச்ச பிடியிலதான் திறந்தது" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்கு ஞாயிறு விடியற்காலை கடைசி ஒத்தணம் கொடுத்தேன். நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீரும் படக் கூடாது. உப்பு வியர்த்து உதட்டில் ஒரு துளி இறங்கினால் ஒருசந்தி உபவாசம் முறிந்துவிடும் என்று அம்மா துணியோடு காவல் இருந்தாள்.

கோயிலில் நான் கிராதிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தேன். மாப்பிள்ளையின் தாய், அக்கா, அம்மா, இந்த ஒழுங்கில் முழங்காலில் நின்றார்கள். சாமியார் முதலில் மாப்பிள்ளையின் தாயிடம் வந்தார். அவள் வாயைச் சிறிதாகத்தான் திறந்தாள். சாமியார் அப்பத்தைச் சற்றே சரித்து உள்ளே வைத்தார். ஆண்டவருக்குக்கூட முழுதாக வாய் திறக்காத பெருமைக்காரி என்று நான் நினைத்தேன். பிறகு அக்கா. ஒன்றரை விரல். சாமியார் நிற்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அதேபோல் சரித்தார், அப்பம் நாக்கில் இருந்தது. நான் விட்ட மூச்சில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அம்மாவுக்கும், அம்மாவுக்கு அடுத்தவளுக்கும், அதற்கடுத்தவளுக்கும் சாமியாரின் கை அதேபோல் சரிந்துகொண்டு போனது. ஆண்களின் பக்கம் போனதும் நேராகியது.

நான் அதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் விளங்கவில்லை. அக்கா தப்பினாள், நான்தான் தப்ப வைத்தேன் என்ற பெருமையில் மற்ற எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதை நான் அடக்கம் என்று எண்ணிப் பள்ளிக்கூடத்தில் பழகியும் பார்த்திருக்கிறேன்.

இப்போது கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகுகிறேன். போன மாதம் வார்ட்டில் ஒரு கிழவிக்கு மருந்து கொடுக்கப் போனேன். அவள் வாயைச் சிறிதாகத் திறந்தாள். கரண்டியை நேராகக் கொண்டுபோன என் கை, நான் நினைக்காமலே, அன்றைக்குச் சாமியாரின் கை போலச் சரிந்தது. எந்தக் கடற்கரை என்று அவளைக் கேட்பதற்கு முன்பே, அவளும் பல்லால் வலை முடிந்தவள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

லீவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் இது. வாசல் கம்பத்தில், நூலை மாட்டி இழுக்க ஓர் இரும்புக் கொக்கி அடித்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, கொக்கி முடிச்சு கடலில் நிற்காது என்றார். வேறு கை தொடக் கூடாத அக்காவின் வலையில் பாதி அம்மாவின் பல், அத்தானின் வள்ளத்தில் அது இத்தனை வருசம் நின்றதா இல்லையா என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கையை நான் மெல்ல விலக்கினேன். காதுக்கு முன்னால் விரல் வைத்தேன். உள்ளே மணல் அரைபடுவதுபோல இருந்தது.

"எத்தனை வருசமா அம்மா?"

"இது எல்லாருக்கும் உள்ளதுதானே, பிள்ளை" என்றாள். "இதுக்குப் போய் என்ன செய்ய?"

உப்புச் சட்டியை அதற்கு முன்பே அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தேன். அது வெடிக்கத் தொடங்கியிருந்தது.