புழுத்த அரிசியும் பள்ளிக்கூட இங்கிலீஷும்

“கொழுந்து பறிக்கிறவ மகளுக்கு இங்கிலீசு எதுக்குட்டி? தேயிலைச் செடிகூடப் பேசவா?” என்று எங்கள் எஸ்டேட் கங்காணி ஒருமுறை கேட்டார். நான் மிஷன் பள்ளியில் படித்து முடித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான்தான்.

போன மாதம், எஸ்டேட்டில் எங்களுக்கு மாதாமாதம் அரிசி அளந்து போடும் இடத்துக்கு வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். மூட்டையைப் பிரித்ததும் மக்கிய வாடை குப்பென்று அடித்தது. அரிசியில் புழு நெளிந்தது, எலிப்புழுக்கை வேறு. அம்மா முறத்தை நீட்டி, “இத நாய்கூடத் திங்காதுய்யா” என்றாள். நாங்கள் பேசுவதைத் துரைக்குக் கங்காணிதான் இங்கிலீஷில் சொல்வது வழக்கம். “நன்றி சொல்கிறாள்” என்று கூசாமல் சொன்னார்.

பள்ளியில் விவாதத்துக்கென்று மனப்பாடம் செய்தது என் வாயில் வந்தது. “வித் டியூ ரெஸ்பெக்ட், ஐ பெக் டு டிஃபர்” என்றேன். தக்க மரியாதையோடு மாறுபட அனுமதி வேண்டுகிறேன் என்று பொருள். அம்மா உண்மையில் சொன்னதையும் அதே பணிவோடு விளக்கினேன்.

துரை வாய்விட்டுச் சிரித்தார். “எவ்வளவு அழகான இங்கிலீஷ்!” என்று கைதட்டினார். முறத்தைப் பார்க்கவே இல்லை. கைக்குட்டையால் மூக்கை மூடியபடி குதிரையேறிப் போய்விட்டார். கங்காணி அதே அரிசியை அளந்து போட்டார்.

அந்தப் பாராட்டு புழுவைவிட அருவருப்பாக இருந்தது. ஒரு கணம் அதில் பூரித்துப்போன என்மேலும் அருவருப்புதான்.

நாளை மறுபடி அரிசி போடுவார்கள். நேற்று மாலை நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களைக் கூட்டி, மரியாதைச் சொல் எதுவும் சேர்க்காமல் ஒரே வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். “வி வில் நாட் டேக் இட்.” இதை வாங்க மாட்டோம். முதலில் உரக்கச் சொன்னவள் அம்மா.