மூன்று நாற்காலிகளும் ஒரு கைதட்டலும்

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, கூட்ஸ் வண்டி போனால் கரும்பலகை ஆடும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்மண்ட் சார் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஆள் குடைக்கம்பி மாதிரி; குரல் மட்டும் அந்த கூட்ஸ் வண்டிக்குப் போட்டி. மற்ற வாத்தியார்கள் கணக்கைக் காதைத் திருகி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அவர் விளையாட வைத்தார். கரும்பலகைக்கு முன்னால் மூன்று நாற்காலி: நூறு, பத்து, ஒன்று. பிள்ளைகள் கழுத்தில் காலண்டர் அட்டையில் எழுதிய எண்கள். சார் ஒரு பெருக்கல் கணக்கைக் கத்துவார். விடைக்கு உரியவர்கள் ஓடிப்போய் அவரவர் நாற்காலியில் உட்கார வேண்டும். சரியென்றால் வகுப்பே கைதட்டும். தப்பென்றால் ஒரு சத்தமும் வராது. அசடு வழிய எழுந்து இடம் மாற வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அறுபத்தெட்டு மழைக்காலத்தில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் விழுந்தார். இடது கை கொஞ்சம் இழுத்துக்கொண்டதோடு போயிற்று, அதிர்ஷ்டசாலி என்றார் டாக்டர். டாக்டருக்கு என்ன தெரியும்? வாய்ப்பாடு நாக்கில் அப்படியே இருந்தது. எண்ணுக்கு உரிய இடம்தான் போய்விட்டது. எந்த நாற்காலியில் எந்த எண் உட்கார்ந்தாலும், அவருக்கு மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் தெரிந்தது.

"லீவு போடுங்களேன்" என்றாள் மனைவி பியூலா.

"போட்டா டாக்டர் சர்டிபிகேட் கேப்பான். விஷயம் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவான். வகுப்பு இல்லாம நான் என்ன பண்றது, உன்கூட உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கவா?"

பியூலா சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் காதை வைத்துப் பிழைத்தார். கைதட்டல் கேட்டால் "சரி!" கேட்காவிட்டால் "தப்பு, மாறு!" யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் நாற்காலியில் நாயுருவி முள் ஒட்டுவதில் பட்டம் வாங்கியவள் சாமுண்டீஸ்வரி. ஒருநாள் வேண்டுமென்றே தப்பான நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பையே கைதட்ட வைத்தாள். "சரி!" என்றார் சார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று தெரியாமல் சாரும் கூடச் சிரித்தார். அதைப் பார்த்ததும் சாமுண்டியின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோயிற்று. மணி அடித்ததும் பக்கத்துப் பெஞ்சு துரையின் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னாடி, வுடு!"

"சாருக்கு நம்பர் தெர்லடா. இனிமே எவனாவது பொய்க் கைதட்டு தட்னீங்க, வாயில பல்லு கீது பாரு, அது இருக்காது."

அதிலிருந்து அந்த வகுப்பைப் போல யோக்கியமாகக் கைதட்டிய வகுப்பு செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்திருக்காது.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் ஸ்ரீநிவாசராகவன் வந்தார். விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க ஆசைப்பட்டார். வாசலில் ஹெட்மாஸ்டர் ஜெபசீலன் கைகட்டி நின்றார்.

"ஆரம்பிங்கோ. ஆனா பக்கத்துல பரீட்சை நடக்கறது, கைதட்டல் எல்லாம் வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எட்மண்ட் சார் காதை ஒருதரம் தடவிக்கொண்டார். கணக்கை இன்ஸ்பெக்டரே கொடுத்தார்: முப்பத்தொன்பதை எட்டால் பெருக்கு. நூறில் பட்டு என்ற பிள்ளை மூன்றோடு, பத்தில் துரை ஒன்றோடு, ஒன்றில் சாமுண்டி இரண்டோடு உட்கார்ந்தார்கள். அப்பழுக்கில்லாத விடை.

வகுப்பில் சத்தமில்லை. சார் காத்திருந்தார். அந்த வகுப்பில் சத்தமில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"தப்பு. மாறு" என்றார்.

துரை விழித்தான். சாமுண்டி அவன் தொடையில் கிள்ளினாள். "ஏந்திருடா. சார் சொல்றாரு இல்ல?" துரையும் பட்டுவும் இடம் மாறிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் விடையை சிலேட்டுல எழுதுங்கோ."

சாமுண்டி நாற்காலியிலிருந்தே வகுப்பை ஒரு பார்வை பார்த்தாள். சிலேட்டுகள் உயர்ந்தன. எல்லாவற்றிலும் நாற்காலிகள் காட்டிய நூற்று முப்பத்திரண்டு. முதல் மார்க் எடுப்பவனும் அதையே எழுதியிருந்தான்.

சார் சிலேட்டுகளைப் பார்த்தார். அத்தனையும் ஒரே மாதிரி. எல்லோரும் ஒன்றுபோல எழுதியிருந்தால் சரியாகத்தானே இருக்கும்? சந்தோஷம் தாங்காமல், இழுத்துக்கொண்ட இடது கையின்மேல் வலது கையை அடித்து, தானே கைதட்டினார்.

வேறு யாரும் தட்டவில்லை.

"ஒரு வகுப்பையே பாழாக்கி வெச்சிருக்கீரே, ஓய்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறு வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். சார் காலண்டர் அட்டைகளைச் சணலால் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தபோது, உள்ளே ஹெட்மாஸ்டரே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொன்பது எட்டு?"

"முந்நூத்திப் பன்னண்டு!" வகுப்பு ஒரே குரலில் கத்தியது.

"தெரிஞ்சுதான இருக்கு? அப்போ அன்னிக்கு ஏன் எல்லாரும் நூத்தி முப்பத்திரண்டுன்னு எழுதினீங்க?"

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"சாரு தப்புன்னாரு சார்" என்றாள் சாமுண்டி. "அவரை மட்டும் எப்படி சார் தனியா வுடறது?"

எட்மண்ட் சார் தூணைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஹெட்மாஸ்டர் அடுத்த கணக்கைச் சொன்னார், பிள்ளைகள் விடை சொன்னார்கள், பழக்க தோஷத்தில் வகுப்பே கைதட்டியது.

வெளியே, அட்டைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவரின் வாய் தானாகச் சொன்னது:

"சரி."