மல்லிப்பூ யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை வாய் சும்மா இருக்காமல் என் மனைவியிடம் சொல்லிவிட்டேன்: “ரசத்துல பெருங்காயமே இல்லையே!”

மனைவி அடுப்படிக்குள் போனாள். ஊரிலிருந்து வந்திருந்த என் சரசு அக்காதான் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எத்தினி நாளாடா இப்படி?”

ரசத்தைக் குறை சொன்னால் கோபப்படலாம். எத்தனை நாளாக என்று யாராவது கேட்பார்களா? அக்கா கேட்பாள். காரணம், மாமா.

மாமா என்றால் அக்காவின் கணவர். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸில் கிளார்க். அப்படி ஒரு மூக்கு அவருக்கு! கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் கடலை எண்ணெயை மோந்து பார்த்து, “இது போன வருஷத்துக் கொட்டை” என்பார். செக்குக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொள்வார்.

அந்த மாமா திடீரென்று ஊரையே சந்தேகப்பட ஆரம்பித்தார். காபியில் சிக்கரி ஜாஸ்தி. பால் வெறும் தண்ணி. குழம்பு சப்பென்று இருக்கிறது. காபித்தூள் கடையை மூன்று தடவை மாற்றினார். பால்காரரை நிறுத்தினார். கடைசியில் அக்காவிடமே, “என்மேல அக்கறை இருந்தா சோறு இப்படி இருக்குமா?” என்று கேட்டுவிட்டார். அக்கா அன்று முழுக்க அழுதாள்.

பிறகு ஒரு நாள்... குறை சொல்வதை நிறுத்திவிட்டார். போட்டதைச் சாப்பிட்டார், கை கழுவினார், எழுந்து போனார்.

அப்பாடா என்றுதானே நினைப்பீர்கள்? அக்காவுக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

“டேய், வேற எங்கியோ வாய்க்கு ருசியா கெடைக்குது. அதான் இங்க வாயே தொறக்கறதில்ல. நீ கொஞ்சம் பின்னாடி போய்ப் பாரேன்.”

போனேன் — வெட்கமில்லாமல் நாலு நாள். ஆபீஸ் விட்டதும் மாமா நேரே தேரடித் தெருப் பூக்கடைக்குப் போனார். ஒரு முழம் மல்லி வாங்கினார். அப்புறம் கூட்டத்தில் ஆளைக் காணோம். நாலு நாளும் இதே கதை. வீட்டுக்கு ஒரு மொட்டுகூட வரவில்லை!

கல்யாணமான ஆண்பிள்ளை தினமும் பூ வாங்கி, அது வீட்டுக்கு வராவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நானும் அதைத்தான் நம்பினேன். அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள் மாமா வந்ததும் வாசலிலேயே மறித்தாள். “மல்லிப்பூ யாருக்குங்க?”

மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“புள்ளையாருக்கு.”

“யார ஏமாத்தறீங்க?”

“இல்ல சரசு. மோந்து பாக்கத்தான் வாங்கறேன். இன்னிக்காவது வாசனை வருமான்னு பாக்கறேன்... வரல. புள்ளையார்கிட்ட வச்சிட்டு வந்துடறேன். மூக்கு செத்துப்போச்சு. உன் சமையல்ல ஒரு குத்தமும் இல்ல. அவ்ளோ பேசிட்டு, இத எந்த மூஞ்சியோட உன்கிட்ட சொல்றது?”

மடியிலிருந்த அவருடைய வலது கை லேசாக நடுங்கியது. அவர் அழுவதால்தான் என்று அக்காவும் நானும் நினைத்தோம். அழுகை நின்றது, கை நிற்கவில்லை.

அந்த நடுக்கம் ஜாஸ்தியாகி, சில வருஷம் கழித்துத்தான் ‘பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம்’ என்றார் டாக்டர். கையைப் பார்த்தார், நடையைப் பார்த்தார். மூக்கைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை போகலாம், கூடவே ருசியும் மங்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். வெறும் ஜலதோஷத்திலும் போகும், பதறாதீர்கள். ஆனால் ரொம்ப நாள் திரும்பி வராவிட்டால், சமைத்தவர் மேல் பாயாமல் டாக்டரைப் பாருங்கள்.

அன்று அக்கா பெட்டியைப் பிரித்தாள். மறுநாளிலிருந்து மல்லி வீட்டுக்கு வந்தது. “வாசனை எப்படி இருக்கு?” என்று மாமா கேட்பார். அக்கா மோந்து பார்த்துச் சொல்வாள். மாமா போகும்வரை ஒரு நாளும் தவறவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அக்கா சாமி படத்திலிருந்து ஒரு கிள்ளு பூ எடுத்து வந்தாள். “கண்ண மூடு. இன்னா பூ?”

“மல்லி.” சரியாகத்தான் சொன்னேன்.

என் மனைவி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். “அண்ணி, பெருங்காயம் நெசமாவே தீந்துபோச்சு.”

அக்கா மசியவில்லை.

“அன்னிக்கு மூக்க விட்டுட்டு மனுஷன சந்தேகப்பட்டேன். இனிமே மூக்கத்தான் சந்தேகப்படுவேன். கெளம்புடா, டாக்டர்கிட்ட!”