பஞ்சர் தொட்டியில் இருந்த அமானிதம்

போன வாரம் ஒரு காலையில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். காதர் பாயின் மகள் மும்தாஜ் போன் செய்தாள். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா" என்றாள். பாய் இறந்துவிட்டார். கையில் இருந்த ஈரத் துணியை உதறவும் தோன்றாமல் நின்றேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ரிக்‌ஷா ஸ்டாண்டில் என்னோடு நின்றவர்கள், எதிரே பாயின் சைக்கிள் கடையில் காற்று அடித்தவர்கள், உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். இந்த வயதில் கற்ற எழுத்து எனக்கு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் 'காதர் பாய்' என்று நானே எழுதிப் பார்க்கும்போது இந்தத் துக்கத்திலும் மனம் குளிர்கிறது.

எண்பதுகளின் கடைசி. ஒரு நாள் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் பச்சையாக ஒன்று நீந்தியது. உள்ளங்கையில் அடங்கும் ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு.

"இன்னா பாய், டியூபைப் போட்டா ஆமை வருது?" என்றேன்.

"ஏ...காம்பரோம்" என்று வழக்கம்போல என் பெயரை இழுத்தார். "காட்டாங்குளத்தூர் காலேஜ்ல படிக்கிற மதுரைப் பையன் குடுத்துட்டுப் போயிருக்கான். லீவு முடிஞ்சி வந்து வாங்கிக்குவான். அதுவரைக்கும் அமானிதம்பா."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதைக் கெடாமல் திருப்பித் தராவிட்டால் படைத்தவனுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பார் பாய். லீவு முடிந்தது, பையன் வரவில்லை. ஆமை ஆகாது, ஏரியில் விடு என்று ஸ்டாண்டில் பலரும் சொன்னார்கள். "அடுத்தவன் பொருளை நான் எப்படி வுடறது?" என்று கேட்டார். அதற்குப் பெயரும் வைக்கவில்லை. "பேர் வெச்சா நம்மளுதாயிடும்."

அக்கறை இருந்ததே தவிர வளர்க்கத் தெரியவில்லை. கிரீஸ் கையைக் கழுவும் அதே தண்ணீர். தினமும் பொரி. கடைக்குள் வெயிலே கிடையாது. மழைக்காலம் முடிந்தபோது ஆமையின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஓடு தொட்டால் அமுங்கியது. பாய் அன்று ஒரு சைக்கிளிலும் கை வைக்கவில்லை. "பையன் வந்து கேட்டா இன்னா சொல்லுவேன்?" என்றார்.

என் ரிக்‌ஷாவிலேயே சேலையூர்ப் பக்கம் ஒரு மாட்டு டாக்டரிடம் போனோம். பாயின் மடியில் பக்கெட். டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுவரைக்கும் கொம்பு இருக்கறதைத்தான் பார்த்திருக்கேன்" என்றவர், தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் படித்தார். "அழுக்குத் தண்ணி, வெயில் இல்ல, வெறும் பொரி. கண்ணு மூடாம என்ன செய்யும் பாய்?" என்று கண்ணுக்கு மருந்து கொடுத்தார்.

அன்றே கடை வாசலுக்கு வேறு தொட்டி வந்தது. நீந்துமளவு நல்ல தண்ணீர். ஏறி முதுகைக் காய வைக்கச் சரிவாகச் செங்கல். பாதித் தொட்டிக்கு வெயில், மீதிக்குக் கோணி நிழல். தின்னக் கீரை, பொடி மீன், இறால். ஆமையைத் தொட்டவன் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸை எடுத்தால் பாயிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். கோடையில் தண்ணி லாரி வந்தால் ஆமைக்கும் ஒரு குடம். "உங்க வூட்ல எத்தினி பேரு பாய்?" என்று வரிசையில் நின்ற பெண்கள் சண்டைக்கு வருவார்கள். "மூணு பேரு, ஒரு விருந்தாளி" என்பார்.

ஒரு காலையில் ஆமை செங்கல்மேல் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. ஸ்டாண்டில் இருந்த எல்லாருக்கும் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். ஞாபகம் இருக்கிறதா?

பல வருஷம் கழித்து அந்த மதுரைப் பையன் மனைவியோடு ரயிலுக்கு வந்தவன், கடையைப் பார்த்து நின்றான். அப்பா இறந்து படிப்பை விட்டவனாம். பாய் தொட்டிக்குள் கை விட்டார். சாப்பாட்டுத் தட்டு அளவு வளர்ந்திருந்த ஆமையைத் தூக்கி அவனிடம் நீட்டினார். "தண்ணியை மாத்திக்கினே இரு. காலை வெயில் காட்டு" என்று சொல்லிக்கொண்டே தன் துண்டால் ஓட்டைத் துடைத்தார்.

பையன் கையை நீட்டவில்லை. "நான் அப்பவே மறந்துட்டேன் பாய். இது உங்களோடதுதான்" என்றான்.

"மனசார சொல்றியா?" என்று மறுபடி மறுபடி கேட்டார் பாய். அவன் போனதும் ஆமைக்குப் பெயர் வைத்தார். ஏகாம்பரம்.

"யோவ் பாய், அது என் பேரு!"

"சவாரி இல்லாம வெயில் காயுது. சோறுன்னா மட்டும் தலையைத் தூக்குது. வேற எந்தப் பேர் பொருந்தும், சொல்லு?"

அடக்கம் முடிந்த மறுநாள் மும்தாஜ் ஆமையோடு அந்தத் தொட்டியைப் பெரும்பாக்கத்துக்கு, என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க மாமா. அமானிதமாம்."

மாடியில் வெயில் பார்த்து வைத்தேன். செங்கல்லைச் சரித்துப் போட்டேன். கீரையைக் கிள்ளிப் போட்டு, "ஏகாம்பரம்" என்றேன். அசையவில்லை. பிறகு நினைவு வந்து, பாய் மாதிரியே இழுத்து, "ஏ...காம்பரோம்" என்றேன். தலையைத் தூக்கியது. தினமும் காலையில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பாயின் குரல் என்னிடம்தான் இருக்கிறது.