இன்ஹேலரும் வெல்லக்கட்டியும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விருதுநகர் கிளினிக்கில் நர்ஸாக இருந்த வருடங்களில் நோயாளிகளை வைது வைதே மருந்து சாப்பிட வைத்தேன். நான் வாங்கிக்கட்டிக்கொண்ட கதை இது.

இரண்டாயிரங்களில் ஒரு தீபாவளி சீசன். ஆமத்தூர் செல்வி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூன்று மாதம் முன்பு வீசிங் என்று வந்தபோது, ஸ்டீராய்டு இன்ஹேலரை அமுக்கி இழுக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன். இப்போது கஞ்சி விழுங்கினாலே அவருக்குக் கண்ணீர் வந்தது. வாயெல்லாம் எரிச்சல், எதிலும் ருசியில்லை. நாக்கிலும் தொண்டையிலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள்.

"மறைக்காமச் சொல்லுங்க சிஸ்டர், புத்துநோய்தானே? எங்க வீட்டுக்காரரும் இப்படி விழுங்க முடியாமத்தான் போய்ச் சேந்தாரு. பிள்ளைய காலேஜ விட்டு நிப்பாட்டி மாப்பிள்ளை பாத்துட்டேன். நான் இருக்கும்போதே முடிச்சிரணும்."

நான் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் திட்டை மெல்லச் சுரண்டினார். அது உரிந்து வந்தது, அடியில் சிவந்திருந்தது. சர்க்கரை இருந்தாலும் இப்படி வரும் என்று ரத்தம் பார்த்தோம், சர்க்கரை இல்லை. பிறகு, இன்ஹேலர் இழுத்தபின் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

கம்பெனியில் தூசி தொண்டையில் தங்காமலிருக்கக் கொடுக்கிற வெல்லத்தை முந்தானையில் முடிந்து வந்து, இன்ஹேலர் இழுத்ததும் வாயில் போட்டுக்கொள்வாராம். கொப்பளித்தால் மருந்து போய்விடுமென்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். இழுக்கச் சொன்ன நான், கொப்பளித்துத் துப்பச் சொல்லவில்லை. தொண்டையில் தங்கிய ஸ்டீராய்டு பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிட்டது. கூட வெல்லத்தின் இனிப்பு வேறு.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: "இது புத்து இல்லக்கா, பூஞ்சை. சொட்டு மருந்துல சரியாப் போகும். தப்பு என் மேலதான், என்னைய நல்லா வையுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வையறதுக்குத் தொண்டை சரியாகட்டும் சிஸ்டர்."

அன்றிலிருந்து, இழுப்பதையும் கொப்பளிப்பதையும் நோயாளியே எனக்குச் செய்து காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவேன். சொல்லிவிட்டோம் என்று நாம் நினைப்பதை நம்பக் கூடாது.

இரண்டு வாரம் கழித்துச் செல்வி வந்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, மகளைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே வந்திருந்தார். வந்ததும் கிளினிக் முழுக்கக் கேட்கும்படி என்னை வைதார். குரல் கணீரென்று இருந்தது.