பல்லில்லாத இரட்டைத் தலை

புது அஞ்சல்தலையின் பின்பக்கப் பசையை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் ஒரு இனிப்பும், அது கரைந்த பிறகு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாத ஒரு கசப்பும் அதில் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில், அந்த ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் அத்தனை பேர் நாக்கிலும் அந்த ருசிதான். நான் அப்போது ஏழாம் வகுப்பு. புயல் வருகிறது, பள்ளிக்கூடம் கிடையாது என்று வானொலியில் சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடிவிடுவோம்.

அஞ்சல்தலை என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருந்தது? வெறும் "தலை"தான். அதன் ஓரத்தில் துளைகள் வழியே கிழித்தால் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன முனைகளுக்குப் "பல்லு". "ராணி தலை ஒண்ணு குடுத்தினா ஜப்பான் தலை ரெண்டு தர்றேன்", "அய்ய, பல்லு போன தலை எவனுக்கு வோணும்" என்று நாங்கள் பேசிக்கொள்வதைப் புதிதாக யாராவது கேட்டிருந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் ஓடியிருப்பார்கள். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் சித்தி, குப்பையில் போகும் வெளிநாட்டு உறைகளின் மூலைகளைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து எடுப்பது எங்கள் வேலை. "கொழம்பு வெக்கிற குண்டான்ல தலைய ஊற வெச்சிக்கினு குந்தினுகீதுங்க பாரு, கட்டைல போறதுங்க" என்று அம்மா கத்துவாள்; கத்திவிட்டு, அன்றைக்கு என்ன நாட்டுத் தலை வந்திருக்கிறது என்று அவளும் ஒரு முறை எட்டிப் பார்ப்பாள்.

சண்டை வராமல் இருக்குமா? எந்தத் தலை நல்ல தலை, எதற்கு எதை மாற்றலாம் என்பதில் தினமும் முடியைப் பிடித்து இழுக்கும் அளவுக்குப் போய்விடும். ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் நைனா இந்தக் கூத்தைக் கதவோரம் நின்று பார்த்தார். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். அவருக்கு முந்தைய தலைமுறை வரைக்கும் பொன்னேரிப் பக்கம் வயல்களில் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் கம்பெனிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவர்தான், அதுவும் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். "ஸ்பெக் இல்லாம இன்னாத்த அட்ச்சிக்கிறீங்க? எது ஓகே, எது ரிஜெக்டுன்னு மொதல்ல எழுதுங்க" என்றார்.

அவ்வளவுதான், எங்கள் தெருவில் தரம் பிரிக்கும் இலாகா பிறந்துவிட்டது. எல்லாப் பல்லும் இருக்க வேண்டும், மூலை மடங்கியிருக்கக் கூடாது, முத்திரை முகத்தை மறைக்கக் கூடாது, வெளிச்சத்தில் பிடித்தால் தாள் எங்கும் மெலிந்து தெரியக் கூடாது என்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினோம். கம்பெனியில் இருப்பதுபோலவே ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று சோப்பு டப்பாக்கள். நைனா நாஷ்டா தின்றுகொண்டே பூதக்கண்ணாடியைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்வார், நாங்கள் சுற்றி நிற்போம். ஐயோ, அந்தக் கண்ணாடி ஒரு தலைக்கு மேல் நின்றபடி நகராமல் இருக்கும்போது என்ன ஒரு தவிப்பு! எனக்கு அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை முடிவும் அப்படி இருந்ததில்லை.

ரீவொர்க் டப்பாவுக்குப் பொறுப்பாளி என் சிநேகிதி கோமதி. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்; எங்கள் எதிர்வீட்டில் இருந்த தன் அத்தையிடம் தங்கி என்னோடு படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே வலையில் அறுந்த கண்ணிகளைப் பின்னிப் பழகிய விரல்கள் அவளுக்கு. கிழிந்த தலையைக் கஞ்சியும் மெல்லிய தாளும் வைத்து அவள் ஒட்டிக் கொடுத்தால் எங்கே கிழிந்தது என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கைதான் அவளுக்கு வினையாக வந்தது.

ஒரு நாள் அத்தை தபால் போடத் தலை வாங்கிவரச் சொல்லியனுப்ப, கோமதி தபாலாபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் பெரிய தாளிலிருந்து ஒரு ஜோடியைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். சுற்றிலும் பல் ஒழுங்காக இருந்தது. இரண்டு தலைக்கும் நடுவில் மட்டும் துளையே இல்லை, வழவழவென்று வெறும் தாள். அவள் காட்டியதற்கு அவர், "கத்திரிக்கோலால வெட்டிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாராம். கோமதி வெட்டவில்லை. மழையில் தாவணிக்குள் பொத்தி எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். அச்சாபீசின் தவறு தப்பித் தவறி வெளியே வந்தால் அதுதான் உலகத்திலேயே அபூர்வமான தலை என்று எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். நான் குதித்த குதியில் ஓகே டப்பா கவிழ்ந்துவிட்டது.

தெருக்கோடி பிரகாஷுக்கு அது பொறுக்கவில்லை. பத்தாவது படித்துக்கொண்டிருந்தான், தெருவிலேயே பெரிய ஆல்பம் அவனுடையதுதான், அந்த மிதப்பு அவன் நடையிலேயே தெரியும். அந்த ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டுபாக்கூர். ஓட்டைய கஞ்சி போட்டு அடச்சிக்கீறா. இவ கையி தெரியாதா நமக்கு?" என்றான். ஒருவருமே மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் அவளால் அது முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாளே அவளுக்குப் "பசை கோமதி" என்று பெயர் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில், குழாயடியில், மாவு மில்லில், எங்கே போனாலும் "பசை, பசை". நான் பிரகாஷின் சட்டைப் பொத்தான் இரண்டைப் பிய்த்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது.

பேச்சு அத்தையின் காதுக்குப் போனது. அவர் கோமதியை அடிக்கவில்லை. அதற்கும் மேலே ஒன்று சொன்னார். "படிக்க அனுப்புனா பித்தலாட்டம் பண்ணி பேரு எடுக்கறியா? வர்ற தை மாசம் உங்கப்பன் வருவான், மூட்டையக் கட்டிக்கோ. குப்பத்துல போயி எறா பொறுக்கு." கோமதி அழவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்க பாத்து சொல்லுங்க. நான் பண்ணியிருந்தா நானே போயிடறேன்" என்று அந்த ஜோடியை நைனா கையில் கொடுத்தாள்.

நைனா அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போனார். இரும்பில் மயிரிழை விரிசல் பார்க்கும் பெரிய கண்ணாடி அங்கே இருந்தது. சாயங்காலம் அவர் திரும்பி வரும் முகத்தைப் பார்க்க நாங்கள் எல்லோரும் தெருமுனையிலேயே நின்றோம். அவர் டிபன் பாக்ஸின் மேல்தட்டிலிருந்து தாளில் சுற்றியிருந்த ஜோடியை எடுத்து, கவிழ்த்துக் காட்டினார். அதன் பின்பக்கம், நட்ட நடுவில், வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர். அதில் நீலப் பேனாவால் அவருடைய இனிஷியல். அவர் கம்பெனியில் தேறிய பீஸின் மேல் ஒட்டும் "பாஸ்" ஸ்டிக்கர். நாங்கள் போட்ட கூச்சலில் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அன்றைக்கு எங்கள் யாருக்கும், நைனா உட்பட, அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. தேறிய பொருள் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் வேறு எங்கே ஒட்டுவது?

பிரகாஷ் மசியவில்லை. "உங்க நைனா இரும்பு பாக்கறவரு, தலைய பத்தி அவருக்கு இன்னா தெரியும்?" என்றான். அத்தையும் அதையேதான் நாகரிகமாகச் சொன்னார். அந்த வாரமே திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அஞ்சல்தலைக் கண்காட்சி நடப்பதாகச் செய்தி வந்தது. ரயிலில் போனால் மெட்ராஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று நைனாவும் கோமதியும் நானும் பஸ் மாறி மாறி, பெரியபாளையத்தில் நின்றுகொண்டே பன் தின்று, போய்ச் சேர்ந்தோம். மண்டபம் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்களுக்குள் தலைகள். எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாமல் எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

நடுவராகச் சென்னையிலிருந்து வந்திருந்த அம்மாள் எங்கள் ஜோடியை இடுக்கியால் எடுத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், ஊதா வெளிச்சம் வரும் ஒரு சின்ன விளக்கை அதன் நடுப்பகுதியில் காட்டி ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்துகொண்டே வந்தது. பிறகு அதைக் கவிழ்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இத யார் ஒட்டினது?"

"நான்தாம்மா" என்றார் நைனா, கொஞ்சம் பெருமையாகவே. "பீஸு பாஸாச்சுன்னா ஒட்டணும்ல."

"நீங்க பாஸ் பண்ணதுலதான் சார் இதுக்குத் தரம் கொறஞ்சு போச்சு" என்றார் அவர்.

பயன்படுத்தாத தலைக்கு முகம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் முதுகில் இருக்கும் பசையும்; அதன் மேல் விரல் ரேகைகூட விழக் கூடாது என்று அவர் விளக்கியபோது நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. எத்தனையோ பேர் வேலையில் குறை கண்டுபிடித்தவர், தேறிய பீஸைத் தானே கெடுத்துவிட்டு நின்றார். ஸ்டிக்கரைப் பிய்க்கக் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோனார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "தொடாதீங்க. இப்ப ஒரு குறைதான் இருக்கு, பிச்சா ரெண்டாயிடும்" என்றார்.

கோமதிக்கு இந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "மேடம், மார்க்கு கொறஞ்சா கொறயட்டும். நான் ஓட்டைய அடைக்கலன்னு எழுதித் தருவீங்களா?" என்றாள்.

அவர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "அடைக்கறதுக்கு அங்க ஓட்டையே விழல கண்ணு. ஆனா நான் வாயால சொன்னா செல்லாது. நிபுணர் குழுவுக்கு அனுப்பணும், அவங்க பாத்துதான் சான்றிதழ் குடுப்பாங்க."

அனுப்பினோம். பதிவுத் தபாலில் அந்த ஜோடி கிளம்பிப் போன நாளிலிருந்து எங்கள் தெருவில் தபால்காரருக்கு நிம்மதி போயிற்று; சைக்கிள் மணி கேட்டாலே கூட்டமாக ஓடுவோம், அவர் பாவம் தலையாட்டிவிட்டு இறங்காமலே போவார். "போன தலை திரும்பி வராது" என்று பிரகாஷ் போகும்போதும் வரும்போதும் சொன்னான். தை பிறந்து, பொங்கலும் முடிந்தது. கோமதியின் அப்பா வந்து அத்தை வீட்டில் இறங்கி, அவளுடைய துணிகள் மூட்டையாகவும் கட்டப்பட்டுவிட்டன. அவர்கள் கிளம்ப இருந்த நாளில்தான் தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கினார்.

உறைக்குள் எங்கள் ஜோடியும், கூடவே கெட்டியான தாளில் சான்றிதழும். மேலே ஜோடியின் படம், கீழே கையெழுத்துகள், நடுவில் இங்கிலீஷ். படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தெருவே கூடி நின்றது. "ஓட்டையப் பத்தி போட்டிருக்கும் பாரு, மொதல்ல அத படி" என்றாள் கோமதி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: அசல். பயன்படுத்தப்படாதது. இரண்டுக்கும் நடுவில் துளையிடப்படவே இல்லை. பின்புறம் அந்நிய ஒட்டுத்தாள் ஒன்றினால் பசை பழுதாகியிருக்கிறது.

"டிஃபெக்டு நம்ம கையி" என்று நைனா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஊரு பீஸெல்லாம் ரிஜெக்ட் பண்ற ஆளு, நீயே மாட்டிக்கினியா?" என்று அம்மா சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டுத் தெருவின் பக்கம் திரும்பி, "எவன்டா அவன் எங்கூட்டுப் பொண்ணப் பசைன்னவன்?" என்றார். பிறகு உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தார். கோமதி அப்போதுதான் அழுதாள், நானும் சேர்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் சந்தோஷம்தான், வேறென்ன. பிரகாஷ் வந்தான். தாளை வாங்கி அவனே ஒரு முறை படித்தான். மடக்கிக் கொடுத்துவிட்டு, "நீதான் தல" என்றான்.

அந்த நிமிஷத்திலிருந்து அவள் "தலை கோமதி" ஆனாள்.

இப்போது தலைகளைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் அடைத்து, அதன் மேல் எண்ணால் தரம் போட்டுத் தருகிறார்கள். செல்போனில் படம் பார்த்தே வாங்குகிறார்கள். கம்பெனிகளுக்கு உறைகள் வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நைனா வேலை பார்த்த கம்பெனி இருந்த இடத்தில் வேறு பெயர்ப்பலகை தொங்குகிறது. கோமதி பொன்னேரியில் மருந்துக்கடை நடத்துகிறாள். போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்து, அவளிடம் இருக்கும் ஜோடியின் பின்னாலுள்ள ஸ்டிக்கரைப் பக்குவமாக எடுத்து மறுபடி தரம் போடலாம் என்றாராம். நைனாவும், "எடுத்துடு கோமதி, அது இருக்கறது எனக்கே ஒரு மாதிரியா கீது" என்றார். "இருந்துட்டுப் போவுது மாமா" என்று சொல்லிவிட்டு அவள் மாத்திரை எண்ணப் போய்விட்டாள்.

சென்ற மாதம் பொன்னேரி ஸ்டேஷனில் பிரகாஷைப் பார்த்தேன். தலை நரைத்து, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். என் கோபம் அவ்வளவு சுலபத்தில் ஆறுகிற சரக்கில்லை. அவனை ஒரு வாங்கு வாங்க வேண்டுமென்று வெகுகாலமாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். "பசை கோமதிய ஞாபகம் கீதா?" என்று ஆரம்பித்தேன்.

அவன் நிஜமாகவே யோசித்தான். "பசை கோமதியா? அப்டி யாரும் நம்ம தெருவுல இல்லியே" என்றான். "தலை கோமதிதான் ஒண்ணு இருந்துச்சு. அதயா கேக்கற?"

ரயில் வந்துவிட்டது. அதைத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்து காணாமல் போனவை ஏராளம். அந்தப் பசைப் பெயர் காணாமல் போனதற்கு மட்டும் மீஞ்சூர் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.