ஆள் பறக்காத படக்கதை

எங்கள் சொந்தத்தில் பறக்காத ஆண்பிள்ளை ஒருவரும் கிடையாது. அப்பா முதலிபாளையத்தில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார். நிறம் தப்பியது, மூக்கு இரண்டாக விழுந்தது என்று கழித்துப் போட்ட பனியன்களெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். அவற்றில் முக்கால்வாசி, தோளில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு முஷ்டியை நீட்டிப் பறக்கிற ஆட்கள். பொங்கலூர்த் தோட்டத்தில் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அவர் நெஞ்சில் ஒருவன் பறந்துகொண்டிருப்பான். தாய்மாமன் பெண் பார்க்கப் போனபோதுகூட வெள்ளைச் சட்டைக்குள்ளே ஒருவன் மங்கலாகத் தெரிந்தானாம். நானும் அதையே போட்டு வளர்ந்தேன். அதனால் எனக்கு அவர்களைப் பிடிக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். என்னை யார் கேட்டார்கள்?

எனக்குப் பிடித்தது கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கதை சொல்வது. ஆனால் கிடைத்த படக்கதைகளில் என் கண் போனதெல்லாம் கட்டத்தின் ஓரத்துக்குத்தான். மேலே இரண்டு பேர் பறந்து பறந்து குத்திக்கொள்வார்கள். கட்டடம் இடிந்து விழும். கீழே ஒரு பொம்பளை காய்கறிப் பையோடு ஓடுவாள். பையிலிருந்து இரண்டு தக்காளி உருண்டிருக்கும். அடுத்த கட்டத்தில் அவள் இருக்கமாட்டாள். வீடு போய்ச் சேர்ந்தாளா, அன்றைக்கு அவள் வீட்டில் என்ன குழம்பு, ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆள் பறக்காத படக்கதை வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தேன். அப்பா பள்ளிப் புத்தகத்துக்குப் பிறகு புத்தகம் தொட்டவரில்லை. ஆனால் ஒரே பெண் கேட்டால் இல்லையென்று சொல்லவும் தெரியாதவர். வண்டியில் உட்காரவைத்துப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் முதலில் பறக்கிறவர்களை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றதும் சாமி கதைகளை எடுத்தார். அதிலும் பறந்தார்கள், வாகனம் மட்டும் வேறு. பிறகு முயலும் ஆமையும் பேசுகிற கதை. பிறகு குதிரைமேல் துப்பாக்கியோடு போகிறவன் கதை. அவன் பறக்கவில்லைதான். ஆனால் ஒரு தோட்டாவில் நான்கு பேரைச் சாய்த்தான். அந்தக் குதிரை எங்கே தண்ணீர் குடித்தது என்று கடைசிவரை இல்லை. அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"பறக்கவும் கூடாது, சுடவும் கூடாதுன்னா அப்பறம் அதுல படம் எதுக்கு கண்ணு? பஸ் ஸ்டாண்டுல போயி நின்னா ஓசியிலயே பாக்கலாமே!"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வண்டியில் வீடு வரும்வரை அப்பாவின் இடுப்பைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்பதை இங்குள்ள கம்பெனிகளில் செய்யவைத்து அனுப்புகிற வேலை. அப்பாவின் யூனிட்டுக்கு வேலை வருவதும் அவர் கையால்தான். ஒரு சனிக்கிழமை பையரம்மா ஒருவரை யூனிட்டைப் பார்க்க அழைத்து வந்தார். வெள்ளைக்கார அம்மாள், என் அம்மா வயதுதான் இருக்கும். நான் ஒரு மூலையில் அட்டையின் பின்புறத்தில் கட்டம் போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். சித்தப்பாவிடம் ஏதோ கேட்டார். உனக்கு என்ன கதை பிடிக்கும் என்று கேட்கிறார் என்றார் சித்தப்பா.

"ஆளு பறக்காத கதைங்க," என்றேன்.

சித்தப்பா இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். என்னை ஒரு பெரிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒன்றிரண்டு மாதம் கழிந்திருக்கும். இன்னொரு சனிக்கிழமை யூனிட்டுக்குப் போனேன். நீள மேசையில் துணித்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சிறுமி குடை பிடித்துக்கொண்டு தெருவோரம் நின்றாள். காலில் ஒரு செருப்பு அறுந்திருந்தது. அவ்வளவுதான் படம். தோளில் துணி இல்லை, முஷ்டி இல்லை. மேசையைச் சுற்றி ஓடினேன். இது எங்கே இருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். பையர் அனுப்பிய புது டிசைன் என்று சொல்லி, மேசைக்கடியிலிருந்து ஒரு கனத்த புத்தகத்தை எடுத்துத் தந்தார்.

அதில் எழுத்தே இல்லை. முழுக்கப் படம். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அப்பாவும் மகளும் குடியிருக்கிறார்கள். அம்மா இல்லை, ஏனென்று ஒரு சட்டம் போட்ட போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா பஞ்சர் ஒட்டுகிறார். ஒரு பக்கம் முழுக்க அவர் கையைக் கழுவுகிறார், கிரீஸ் மை போகவில்லை. மகள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கோபித்துக்கொள்கிறாள். மழை பெய்கிறது. மகள் வளர்கிறாள், பாவாடை குட்டையாகிக்கொண்டே வருகிறது. ஒரு கடிதம் வருகிறது. பெட்டியில் துணி அடுக்குகிறாள். அவர் வாசலில் நின்று பார்க்கிறார். பக்கத்தைத் திருப்பினேன்.

பக்கம் இல்லை. தையலை ஒட்டிப் பிளேடால் அறுத்த நறுக்குகள் மட்டும் இருந்தன. கடைசி நான்கு தாளும் போயிருந்தன.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் பையரிடமிருந்து கூரியரில் வருகிற எதுவும் சாம்பிள்தான். துணித் துண்டு வந்தால் சாம்பிள், பட்டன் வந்தால் சாம்பிள். படம் வந்தால், அதை அச்சடித்துக் காட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். துணி மாதிரிகளோடு சேர்ந்து புத்தகம் வந்ததும் சித்தப்பா ஒன்றும் யோசிக்கவில்லை. கட்டம் கட்டமாக இருக்கிற பக்கங்கள் நெஞ்சில் அச்சடிக்க ஆகாது. கடைசியில்தான் ஒரு பக்கத்துக்கு ஒரே பெரிய படமாக இருந்திருக்கிறது. ஸ்கேனரில் தட்டையாகப் படுக்கவேண்டும் என்று அவற்றை அறுத்தெடுத்துவிட்டார். குடை பிடித்த சிறுமி தேறினாள். மற்ற மூன்றும் பனியனுக்கு எடுக்காது என்று கழிபட்டு, நிறம் பார்ப்பதற்காகக் கலர் கலக்குகிற அறைக்குப் போய்விட்டன.

ஓடினேன். கலர் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் காட்டிய தாள்களில் இரண்டு சாய வாளியின்மேல் மூடியாகிக் கரைந்திருந்தன. மூன்றாவது, கடைசிப் பக்கம். கீழ்ப்பாதி முழுக்க நீலச் சாயப் பசை அப்பியிருந்தது. மேலே ஒரு விளக்குக் கம்பமும் ஒரு பஸ்ஸின் கூரையும் தெரிந்தன.

"எனக்கு என்ன தெரியும் பாப்பா, கலர் பாக்கணும்னுதான குடுத்தாவ," என்றார் பாவமாக.

நகத்தால் சுரண்டினேன். காகிதம்தான் கிழிந்தது. யானை வாயில் போன கரும்பு.

திங்கட்கிழமை சாயங்காலம் சித்தப்பா வெளுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். பையரம்மா மெயில் போட்டிருந்தாராம். அந்தக் குட்டிப்பெண்ணுக்கு அனுப்பிய புத்தகம் கிடைத்ததா என்று. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தாராம். அது எங்கே உதிர்ந்ததோ யாருக்குத் தெரியும். அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சித்தப்பாவும் அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

"என்ற புஸ்தகமுங்க அது!" என்று கத்தினேன். "என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அதுவரைக்கும் எனக்கு இருந்தது வருத்தம். இப்போது அது ஆத்திரமாகிவிட்டது. கடை ஏறி இறங்கி, சிரிப்பு வாங்கிக் கட்டிக்கொண்டு நான் தேடியது, தானாக என் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை ஆளுக்கொரு பக்கம் அறுத்துச் சாய வாளிக்கு மூடியாக்கியிருக்கிறார்கள். பறக்கிற தடியன்களை ஒரு கறை படாமல் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்துகிறவர்கள்!

இதைவிடக் கொடுமை இனிமேல்தான். அந்த அம்மாள் என்னோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச விரும்பினார். அறுத்தது தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார், அது மட்டுமில்லை, ஊரான் படத்தைத் திருட்டு பிரிண்ட் அடிக்கிறவர்கள் என்று நினைத்துவிடுவார் என்று சித்தப்பா பயந்தார். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டார். சித்தப்பா ஆபீஸில் உட்காரவைத்தார்கள். திரையில் அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டு கையசைத்தார். மெதுவாக, எனக்கே புரிகிற இங்கிலீஷில், முடிவு உனக்குப் பிடித்ததா என்று கேட்டார்.

வேறெதையாவது கேட்டிருக்கக் கூடாதா? சித்தப்பா மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டினார். "வெரி நைஸ்" என்றேன். பார்க்காத முடிவைப் பாராட்டினேன். அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படி என்னதான் முடிவு என்று எனக்குத் தலை வெடித்தது.

வெளியே வந்ததும் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அறுத்தவர் அவர்தானே?

"ஏதோ ஒரு பஸ்ஸு, ரெண்டு ஆளு கண்ணு. நான் கலரத்தான் பாத்தேன், மூணு கலர்ல முடிக்கலாமான்னு."

இப்படியும் ஒரு மனிதர். மீதி இருந்தது அப்பா ஒருவர்தான். கலர் அறைக்குக் கொடுத்தனுப்பும்போது அவர் அந்தப் பக்கங்களைச் சுத்தமாகப் பார்த்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கையில் கிழிந்த தாளோடு அவர்முன் போய் நின்றேன்.

"கடசில என்னாச்சுங்கப்பா?"

அப்பா தாளை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். நீலப் பசைதான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு வந்து நின்னுச்சு சாமி. அந்தப் புள்ள பொட்டியோட எறங்குச்சு. அப்பங்காரன் பொட்டிய வாங்கிட்டான். ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போயிட்டாங்க."

"எறங்குச்சா? அப்பறம் எதுக்குங்கப்பா துணியெல்லாம் அடுக்குச்சு?"

"சும்மா ரெண்டு நாளு அம்மாயி ஊட்டுக்குப் போயிருக்கும்."

"அதுல அம்மாயியே கெடையாதுங்கப்பா!"

"எல்லாருக்கும் ஒரு அம்மாயி இருப்பாங்க கண்ணு. தூங்கு போ."

இதற்கா அந்த அம்மாள் கண்ணை மூடினார்? இரண்டு நாள் பாட்டி வீட்டு விருந்துக்குப் போய்த் திரும்பி வருவதற்கா அத்தனை பக்கம் வரைந்தான் ஒருவன்? அப்பாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த முடிவுக்கு அவர்கள் பறந்தே போயிருக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அவரும் வேறு முடிவு எதுவும் சொல்லவில்லை.

இப்போது நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறுவேன். போன மாதம் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, இதுவரை படக்கதை படித்ததில்லை, நிஜ மனிதர்கள் வருகிற மாதிரி ஒன்று சொல்லேன் என்று கேட்டாள். அவளுக்காக ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் நேரே கூட்டிப்போய் நிறுத்திய இடத்தில், தரையிலிருந்து கூரைவரை முஷ்டி நீட்டிக்கொண்டு பறந்தார்கள். பறக்காதது இல்லையா என்றேன். இதுதான் மேடம் எல்லோரும் வாங்குவது என்றான். இத்தனை வருஷத்தில் கடை பெரிதாகியிருக்கிறது, பதில் மாறவில்லை. சண்டைக்குப் போயிருப்பேன். அதற்குள் கீழ்த்தட்டில், சமையல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு கனத்த புத்தக முதுகைப் பார்த்து உருவினேன். அட்டையில் சைக்கிள் கடை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்டினேன். கடிதம் வருகிறது. பெட்டி அடுக்குகிறாள். அதற்கடுத்த தாள் இருந்தது. அதில் அந்தக் குடைச் சிறுமி, சின்ன வயதில் அறுந்த செருப்போடு அப்பாவுக்காக நின்றதை அவள் நினைத்துப் பார்க்கிறாள். அடுத்த தாளில் அதே தெருமுனையில் இப்போது பெட்டியோடு நிற்கிறாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார். கடைசிப் பக்கத்தில் விளக்குக் கம்பம், பஸ்ஸின் கூரை. நீலப் பசை இருந்த இடத்தில் அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். முகம்கூடத் தெரியவில்லை. பெட்டி தூக்கி வந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், அவர் பாதி நீட்டியபடி தனியாக நிற்கிறார். விரல்களில் மை.

வெளியே வந்து போன் போட்டேன். எடுத்தவுடனே சண்டைதான்.

"ஏனுங்கப்பா, அந்தப் புள்ள பஸ்ஸுல இருந்து எறங்கவே இல்ல. ஏறிப் போயிருச்சு. பொய்தானுங்களே சொன்னீங்க?"

எந்தப் புள்ள என்று அவர் கேட்கவில்லை. பிரிண்டிங் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம பஸ்ஸு எத்தன மணிக்கு வரும் கண்ணு? நான் வந்து நிக்கறன்," என்றார்.

அவர் அறுக்கவிட்ட புத்தகத்துக்காக இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு. ஆனால் ஒரு தாளை விளக்கடியில் பிடித்துக்கொண்டு, பசைக்கு அடியில் இருந்ததைப் பார்த்தபடி, தன் பத்து வயது மகளை அந்த பஸ்ஸிலிருந்து அவர் எப்படியாவது இறக்கிவிடப் பார்த்திருக்கிறார். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், எங்கள் அப்பாவுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்பதுதான்.